கர்னல் டன்ஸ்மோரும் பன்னிரண்டு ஆகாத கடிகாரமும்

கர்னல் ஆர்வில் டன்ஸ்மோர் பிறந்த மரக்குடிசையைக் கட்டியவன் ஹால்வர். கர்னலுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

கட்டும்போது ஹால்வருக்கு விஷயம் தெரியாது. 1898ஆம் ஆண்டு கோடையில், டாமராக் ஊருக்கு மேற்கே, ரயிலில் போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மேட்டில், ஒரே அறையுள்ள குடிசை வேண்டும் என்று கர்னல் சொன்னார். ஆணி கூடாது. ஆலையில் அறுத்த பலகை கூடாது. கோடாரியால் செதுக்கிய கட்டைகள் மட்டும். கட்டி முடித்த பிறகு உள்ளே ஈர வைக்கோலைப் போட்டு மூன்று நாள் புகை மூட்ட வேண்டும். ஹால்வர் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. புகை என்றதும் அவனுக்குப் பன்றித் தொடைதான் ஞாபகம் வந்தது.

"எத்தனை தொடை தொங்கவிடப் போறீங்க கர்னல் ஐயா? அதுக்குத் தகுந்த மாதிரி உத்தரம் போடணும்."

"தொடையா? இது வீடுப்பா."

"இந்தப் பொந்துலயா? யாரு இருக்கப் போறாங்க?"

கர்னல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "யாரும் இருக்கப் போறதில்ல ஹால்வர். இருந்தாச்சு."

பெரிய மனிதர்களின் துக்கத்தைக் கிளறக்கூடாது என்று ஹால்வர் வைக்கோலை நனைக்கப் போய்விட்டான். மறுவாரம் ஒரு போட்டோக்காரன் வந்தான். புகை படிந்த வாசலில் கர்னல் ஒரு காலைப் படியில் வைத்து நின்றார். அந்தப் படம் மாவட்டம் முழுக்க ஒட்டப்பட்டது. நவம்பரில் அவர் சட்டசபை உறுப்பினர் ஆனார்.

உண்மையில் அவர் பிறந்தது கிழக்கே ஒரு நகரத்தில், அவருடைய அப்பாவின் வங்கிக்கு மேல்மாடியில், இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் நிற்க. ஆனால் எங்கள் மாநிலத்தில் செங்கல் வீட்டில் பிறந்தவன் எவனும் தேர்தலில் ஜெயித்ததில்லை. கர்னல் பட்டமும் அப்படித்தான். கவர்னர் மாநிலப் பொருட்காட்சிக்கு வந்தபோது, அவருக்குப் பின்னால் குதிரையில் நாலு நாள் போயிருக்கிறார். மூன்றாம் நாள் குதிரை அவரைக் கீழே தள்ளிவிட்டது. அதனால் காயமும் உண்டு. மழைக் காலத்தில் வலிக்கிறது என்று மேடையில் சொல்வார்.

அவர் சபையில் வேலை செய்த விதம் மிகவும் நேர்த்தியானது. உழைப்பாளிக்கு நன்மை செய்யும் மசோதா எது வந்தாலும் எழுந்து ஆதரித்துப் பேசுவார். பேசி முடித்து எதிர்த்து ஓட்டுப் போடுவார். பேச்சை அச்சடித்து ஊருக்கு அனுப்புவார். ஓட்டை அச்சடிக்கமாட்டார். இப்படி ஐந்து தேர்தல் ஜெயித்தார். ஊரில் யாருக்கும் அவர்மேல் குறை இல்லை. இவ்வளவு நல்லவர் பேசியும் ஒரு மசோதாகூட நிறைவேறவில்லையே, மற்ற உறுப்பினர்கள் எவ்வளவு பொல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

1906 இலையுதிர் காலத்தில், ஹால்வர் கூலிக்கு நின்ற மர ஆலையின் பெரிய ரம்பம் அவன் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. ஆலை கர்னலின் மைத்துனருடையது. ரம்பத்துக்கு மேலே ஓர் இரும்பு மூடி இருந்திருந்தால் கை தப்பியிருக்கும். மூடி போட்டால் கட்டையைத் தள்ளுவதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும் என்பதால் ஆலையில் மூடி வைக்கவில்லை.

கர்னல் ஆஸ்பத்திரிக்கே வந்தார். மிச்சமிருந்த கையைப் பிடித்து வெகு நேரம் குலுக்கினார். போட்டோக்காரனின் பெட்டி கொஞ்சம் தகராறு செய்ததால் நேரமாகிவிட்டது. போகும்போது, "படிச்சுப் பாருப்பா, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று மாநிலக் கையேடு ஒன்றைப் படுக்கையில் வைத்துவிட்டுப் போனார். எல்லா உறுப்பினர்களுடைய வாழ்க்கை வரலாறும் அதில் உண்டு. அவரவர் தாமே எழுதிக் கொடுத்தது.

ஹால்வருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு வேலையும் இல்லை. அவன் மனைவி ராக்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் இருந்த ஒரே புத்தகம் அந்தக் கையேடு. ஆக, நாற்பத்தெட்டு வயதில் ஹால்வர் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வாக்கியம் கர்னல் டன்ஸ்மோரைப் பற்றியது.

"ராக்னா, இங்க வா. இவர் ஐம்பத்தேழாம் வருஷம் டாமராக் மேட்டுல ஒரு மரக்குடிசையில பொறந்தாராம்."

"பொறந்துட்டுப் போகட்டும்."

"அது நான் கட்டுன குடிசைடி."

ராக்னா கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ஐம்பத்தெட்டு."

"பொறக்கறதுக்கு முந்தின வருஷமே வேலையை முடிச்சிருக்கீங்க. அதான் எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கீங்க."

ஹால்வருக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தம்பி ஓலாவ் அப்போது அதே ரம்பத்தில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தான். அண்ணன் நின்ற இடத்திலேயே. அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். வேறு வேலை ஊரில் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஆலைச் சங்கு ஊதியதும் ஹால்வர் தெருவுக்கு வந்து, தம்பி வருகிறானா என்று பார்க்கமாட்டான். எத்தனை கையோடு வருகிறான் என்று பார்ப்பான்.

வசந்தம் வந்ததும் கர்னல் வீட்டுக்குப் போனான். "எல்லா ரம்பத்துக்கும் மூடி போடணும்னு ஒரு சட்டம் கொண்டு வாங்க ஐயா. எனக்காக இல்ல. ஓலாவுக்காக."

கர்னல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உன் கை போனது வீணாகாது ஹால்வர். நான் இருக்கேன்."

மசோதாவைக் கொண்டு வந்தார். அருமையாகப் பேசினார். பேச்சு அச்சாகி ஊருக்கு வந்தது. மசோதா மர ஆலைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழுவின் தலைவர் கர்னல். ஹால்வர் போய்க் கேட்கும்போதெல்லாம், "மேசையில இருக்குப்பா" என்பார்.

"எந்த மேசைங்க? நான் தச்சன். வேணும்னா அந்த மேசையைப் பிரிச்சு எடுத்துடறேன்."

இப்படி நாலு வருஷம் போனது. வாராவாரம் ஒற்றைக் கையோடு ஒருவன் வாசலில் வந்து நிற்பது கர்னலின் விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருந்தது. 1911 தொடக்கத்தில் கர்னல் ஒரு வழி கண்டுபிடித்தார். "தலைநகர்ல சபைக்குள்ளயே உனக்கு வேலை போட்டுத் தர்றேன். ஒரு கை போதும். மசோதாவும் இந்தத் தடவை குழுவை விட்டு வெளிய வருது. கடைசி நாள் பட்டியல்ல இருக்கு. உன் கண்ணாலயே பார்க்கலாம்."

சபையில் அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் வாயில் அதிகாரி க்விக்லி. முப்பது வருஷம் அங்கேயே இருந்ததால் எதற்கும் ஆச்சரியப்படாதவர்.

"இந்தா பாரு ஹால்வர். சபை வருஷத்துக்கு அறுபது நாள்தான் கூடலாம். அறுபதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கலைஞ்சிரணும். அரசியல் சட்டம் அப்படி."

"சரிங்க."

"ஆனா அறுபது நாள்ல ஒரு வேலையும் நடக்காது. எல்லாம் கடைசி நாள்தான். அதனால பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடிகாரத்தை நிறுத்திருவோம். வேலை முடியற வரைக்கும் பன்னிரண்டு ஆகாது."

"வெளிய ஆகுமேங்க?"

"வெளிய என்ன ஆனா நமக்கென்ன? சபைக்கு இந்தக் கடிகாரம் காட்டறதுதான் மணி. இது பன்னிரண்டு காட்டினாதான் கலையலாம். காட்டலைன்னா கலைய முடியாது."

சபாநாயகரின் தலைக்கு மேலே, சுவரில், ஓர் ஆள் உயரமுள்ள அந்தக் கடிகாரம் இருந்தது. மூன்று வருஷம் முன்பு ஊசலைக் கட்டி நிறுத்திப் பார்த்தார்களாம். மறுபடி ஓடவில்லை. சிகாகோவிலிருந்து ஆள் வந்து ஓட வைக்கப் பதினோரு நாள் ஆனது. பதினோரு நாளும் சபை கலைய முடியாமல் கிடந்தது. அதிலிருந்து ஊசலைத் தொடுவதில்லை. ஓர் ஆள் ஏணியில் உட்கார்ந்து பெரிய முள்ளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"மெதுவாப் பிடி, திருகாதே" என்றார் க்விக்லி. "முள்ளு ஒடிஞ்சா மறுபடியும் சிகாகோ."

அறுபதாம் நாள், சனிக்கிழமை, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹால்வர் முள்ளைப் பிடித்தான். இரவில் இரண்டு காவலாளிகள் மாறி மாறிப் பிடித்தார்கள். பகல் முழுக்க அவன்தான்.

பன்னிரண்டு ஆகாததால் மதியச் சாப்பாட்டுக்குச் சபையை ஒத்திவைக்க முடியவில்லை. வறுத்த வான்கோழி வந்தபோது அதைத் 'தாமதமான காலை உணவு' என்று குறித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடித்தது. சபாநாயகர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். திங்கட்கிழமை கவர்னரிடமிருந்து ஒரு தந்தி வந்தது. தேதியைப் பார்த்துவிட்டுச் சபாநாயகர் அதைத் திருப்பி நீட்டினார். "இது நாளான்னைக்கு வர வேண்டிய தந்தி. அன்னைக்கே கொண்டு வாங்க."

ஹால்வருக்குத் தலை சுற்றியது. ஏணியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகச் சூரியன் போவதும் வருவதும் தெரிந்தது. கீழே உறுப்பினர்களுடைய தாடி வளர்வதும் தெரிந்தது. மணி மட்டும் ஆகவில்லை.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன் எது என்று முடிவானது. ஓர் ஏரிக்குச் சபாநாயகரின் மாமியார் பெயர் வைக்கப்பட்டது. நீதிபதிகளின் பதவிக்காலம் நாலு வருஷம் நீண்டது.

திங்கட்கிழமை மதியம் ஒரு விடுதிக்கார அம்மாள் அழுதுகொண்டே உள்ளே ஓடி வந்தாள். அவள் விடுதியில் தங்கியிருந்த உறுப்பினர் ஸ்ப்ராக் முந்தின நாள் காலமாகிவிட்டார்.

சபாநாயகர் அவளைக் கனிவோடு பார்த்தார். "முந்தின நாள்னா?"

"நேத்து, ஞாயித்துக்கிழமைங்க."

"அம்மா, இன்னைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை அவர் எப்படி இருந்தார்?"

"நல்லாத்தான் இருந்தார். ரெண்டு தடவை சூப் வாங்கிக் குடிச்சார்."

"அப்புறம் எதுக்கும்மா இப்பவே பதறுறீங்க?"

அவள் குழம்பிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஸ்ப்ராக் அதற்குப் பிறகு பதினான்கு மசோதாக்களுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அவர் இவ்வளவு ஒழுங்காக ஓட்டுப் போட்டதே இல்லை என்று க்விக்லி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பகலில் இரண்டு மசோதாக்கள் மீதி இருந்தன. மூன்று மணிக்கு ரயில். எல்லோரும் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் மசோதா, கர்னல் டன்ஸ்மோர் பிறந்த குடிசையை அரசாங்கம் விலைக்கு வாங்கி நினைவிடமாக்க வேண்டும் என்பது. கர்னல் அடக்கத்தோடு எழுந்தார்.

"கனவான்களே, எனக்கு இதுல விருப்பமே இல்ல. ஆனா அந்தக் குடிசை என்னுடையதில்ல. அது ஏழைகளுடையது. அந்தப் புகை படிஞ்ச சுவரைத் தொடும்போது எங்கம்மா அடுப்பு ஊதினது இன்னும் கேக்குது."

ஏணியின் மேல் ஹால்வருக்கு ஈர வைக்கோல் நாற்றம் மூக்கில் ஏறியது. மசோதா கைதட்டலோடு நிறைவேறியது. ஸ்ப்ராக்கும் ஆதரித்தார்.

அடுத்தது ரம்ப மூடி மசோதா. ஹால்வர் நிமிர்ந்து உட்கார்ந்தான். கர்னல் இன்னும் உட்காரவில்லை. குரல் தழுதழுத்தது.

"நாலு வருஷமா இந்த மசோதாவுக்காக என் உயிரைக் கொடுத்திருக்கேன். இன்னும் அரை மணி கிடைச்சா இன்னைக்கே நிறைவேத்திருவேன். ஆனா கனவான்களே, கெடு முடிஞ்சுபோச்சு. சட்டம் போடுற நாமளே சட்டத்தை மீறலாமா? கடிகாரத்தை மீறின சபைன்னு நாளைக்கு நம்மளை ஏசமாட்டாங்களா?" மேலே பார்த்து விரலை அசைத்தார். "விட்டுடுப்பா ஹால்வர்."

ஹால்வர் விடவில்லை.

"ஹால்வர்! முள்ளை விடு."

"எப்படிங்க விடறது? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

சபையில் சிரிப்பு எழுந்தது. கர்னலும் சிரித்தார். "ஆள் களைச்சுப்போயிட்டான். தம்பி, நேரம் ஆயிடுச்சு."

"ஆகலைங்க. நீங்களே பாருங்க. நான்தான் பிடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு அடங்கியது. சபாநாயகர் சுத்தியலால் மேசையைத் தட்டி, "அவனை இறக்குங்க" என்றார். இரண்டு காவலாளிகள் ஏணியில் ஏறினார்கள்.

"என் காலைத் தொட்டீங்கன்னா முள்ளு கையோட வந்துரும்" என்றான் ஹால்வர். "அப்புறம் சிகாகோவிலிருந்து ஆள் வரணும். பதினோரு நாள்."

காவலாளிகள் சபாநாயகரைப் பார்த்தார்கள். சபாநாயகர் க்விக்லியைப் பார்த்தார். க்விக்லி கூரையைப் பார்த்தபடி, "மூணு மணி ரயில் கிளம்ப இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு" என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "மன்னிக்கணும். சனிக்கிழமை மூணு மணி ரயில்."

"படிச்சுத் தொலைங்கய்யா அந்த மசோதாவை!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

எழுத்தர் எழுந்து தலைப்பை மட்டும் முணுமுணுத்துவிட்டு உட்காரப் போனார். சபையில் வழக்கம் அதுதான். தலைப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

"முழுசாப் படிங்க" என்றான் ஹால்வர். "மெதுவா. நான் எழுத்துக் கத்துக்கிட்டது லேட்டு."

எழுத்தர் படித்தார். மாநிலத்தின் ஒவ்வொரு மர ஆலையிலும், ஒவ்வொரு ரம்பத்துக்கும், இரும்பு மூடி கட்டாயம் போடப்பட வேண்டும். ரம்பம் ஓடாமல் நிற்கும் நேரங்களில்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

எழுத்தர் மறுபடி படித்தார்.

"நிக்கிற ரம்பம் யாரை அறுக்கும்? கர்னல் ஐயா, இது உங்க எழுத்தா?"

கர்னல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அது குழுவோட திருத்தம்பா."

"குழுவுல யாரெல்லாம் இருக்காங்க?"

கர்னல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். மற்றவர்களுக்கு அவரைவிட ரயில் முக்கியம். அந்த வரியை அடித்துவிட்டார்கள். நாலு நிமிடத்தில் ஓட்டெடுப்பு முடிந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஸ்ப்ராக் தம் கடைசி ஓட்டைப் போட்டார்.

ஹால்வர் கையை எடுத்தான். முள் அசைந்தது. பன்னிரண்டு ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதுவரை யாரும் நகர முடியாது. செய்வதற்கும் எதுவும் மிச்சமில்லை. எல்லோரும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது நாளில் அந்தச் சபையால் மாநிலத்துக்கு ஒரு கேடும் வராத பத்து நிமிடம் அதுதான்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஜூன் மாதத்தில் ஆலை முதலாளி, மூடிச் சட்டம் செல்லாது என்று வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய வக்கீல் கர்னல் டன்ஸ்மோர். சபையில் அவர் உழைப்பாளியின் தோழர், கோர்ட்டில் வக்கீல். இரண்டும் வேறு வேறு கட்டடம்.

அவர் வாதம் எளிமையானது. சபை சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. இந்தச் சட்டம் நிறைவேறியதோ செவ்வாய்க்கிழமை. ஆகவே இது சட்டமே இல்லை. சாட்சிக்கு ஹால்வரையே கூப்பிட்டார். ஓலாவ் பின்னால் பெஞ்சில், இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஹால்வர், நீ நேர்மையான ஆள். இந்த மசோதா நிறைவேறினப்போ என்ன கிழமை?"

ஹால்வர் யோசித்தான். "சனிக்கிழமைங்க. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்."

"நிஜமாவே மணி என்னன்னு கேக்குறேன்."

"நிஜமாவே அதுதாங்க. நீங்கதானே வேலைக்கு வச்சீங்க, மணி மாறக்கூடாதுன்னு? மாறவிடலை."

"வெளிய செவ்வாய்க்கிழமைன்னு ஊருக்கே தெரியும்!"

"அப்ப அப்படியே எழுதிக்கங்க ஐயா, எனக்கென்ன." ஹால்வர் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினான். "ஆனா ஒண்ணுங்க. கர்னல் ஐயா பொறந்த குடிசை மசோதா இந்த மூடி மசோதாவுக்கு அஞ்சு நிமிஷம் முந்தி நிறைவேறிச்சு. அதுவும் செல்லாதுன்னா கவர்மென்ட்டு குடிசையைத் திருப்பிக் கொடுக்கும். கொடுக்கும்போது யாரு கட்டினது, எந்த வருஷம் கட்டினதுன்னு கேக்கும். அதுக்கும் சாட்சி நான்தான். அப்புறம் அந்த நீதிபதிகள் பதவிக்கால மசோதா..."

நீதிபதி பலமாக இருமினார். தண்ணீர் குடித்தார். சபையின் குறிப்பேட்டில் சனிக்கிழமை என்று எழுதியிருப்பதாகவும், சபையின் குறிப்பேடு ஒருபோதும் பொய் சொல்லாது என்றும், அதைச் சந்தேகிப்பது மக்களாட்சியையே சந்தேகிப்பதாகும் என்றும் தீர்ப்புச் சொன்னார். சட்டம் செல்லும்.

கர்னல் தோற்ற வக்கீலாக வெளியே வந்தார். படியில் பத்திரிகைக்காரர்களைப் பார்த்ததும் ஜெயித்த உறுப்பினராகி, ஹால்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகஸ்டில் ஆலையின் பெரிய ரம்பத்துக்கு மூடி வந்தது.

அடுத்த வருஷம் குளிர்காலத்தில் புதிய மாநிலக் கையேடு தபாலில் வந்தது. அன்று ஓலாவ் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். ராக்னா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். விறகு ஈரம், பற்றவில்லை. ஹால்வர் கர்னலின் பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்துச் சத்தமாகப் படித்தான். எளிய மரக்குடிசையில் பிறந்தவர். போரின் காயங்களைச் சுமப்பவர். மாநிலத்தின் ரம்பங்களுக்கெல்லாம் மூடி தந்தவர். உழைப்பாளிகளுக்காகக் காலத்தையே தம் கையால் பிடித்து நிறுத்தியவர்.

"யாரு கையால?" என்றாள் ராக்னா, அடுப்பிலிருந்து தலையை எடுக்காமல். "அந்தத் தாளை இங்க கொடுங்க. வேற எதுக்கு ஆகும்?"

ஹால்வர் கிழிக்கப் பார்த்தான். ஒற்றைக் கையால் புத்தகத்திலிருந்து தாள் கிழிப்பது லேசான காரியமில்லை. தாளை இழுத்தால் புத்தகமும் கூடவே வந்தது. முழங்கையால் அமுக்கினால் வழுக்கியது. கனமான தாள், அரசாங்கம் செலவைப் பார்க்காமல் அச்சடித்தது.

"கொண்டா அண்ணா" என்று ஓலாவ் எழுந்து வந்தான்.

ஒரு கையால் புத்தகத்தை அழுத்திக்கொண்டான். இன்னொரு கையால் கிழித்தான்.